ஹூஸ்டன் பக்கம் முதல் வீடு வாங்கினவங்களுக்கு: ஃப்ரீஸுக்கு முன்னாடி வால்வு, ஜனவரி 31-க்கு முன்னாடி மட் டாக்ஸ்

கேட்டி, சைப்ரஸ் பக்கம் புதுசா வீடு வாங்கின நம்ம ஆளுங்க டிசம்பர் வந்தா என்கிட்ட ரெண்டு கேள்வி கண்டிப்பா கேப்பாங்க. குளிர்ல பைப் உடையாம இருக்க என்ன பண்ணணும், அப்புறம் மட்-னு எங்கிருந்தோ ஒரு டாக்ஸ் பில் வந்திருக்கே, அது நிஜமா இல்ல ஏமாத்து லெட்டரா. நிஜம்தாங்க. உங்க வீட்டுக்கு தண்ணி அனுப்பறவங்களும் அந்த பில் அனுப்பறவங்களும் ஒரே டிஸ்ட்ரிக்ட்.

முனிசிபல் யுட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட், சுருக்கமா மட். சிட்டி லிமிட்டுக்கு வெளிய சப்டிவிஷன் வரும்போது தண்ணி, சாக்கடை, மழைத்தண்ணி வடிகால் எல்லாம் போட ஸ்டேட் சட்டப்படி ஒரு டிஸ்ட்ரிக்ட் ஆரம்பிக்கறாங்க, அது பாண்ட் வித்து கடன் வாங்குது, அந்த கடன நாம வருஷா வருஷம் டாக்ஸா அடைக்கிறோம். 5 டைரக்டர் போர்டு இருக்கும், மீட்டிங்குக்கு யாரு வேணா போகலாம். இப்ப வேலைக்கு வருவோம்.

1. வீட்டுக்கு வர்ற தண்ணி மொத்தத்தையும் மூடற மெயின் வால்வு எங்க இருக்குன்னு இன்னிக்கே கண்டுபிடிங்க

வேற எதுவும் பண்ணலன்னாலும் இத மட்டும் பண்ணிடுங்க. 2021 பிப்ரவரி குளிர்காலப் புயல்ல ஹூஸ்டன்ல 13 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் இறங்குச்சு, எங்க வீட்ல கரண்ட் இல்ல, குழாய்ல தண்ணியும் வரல. வெயில் திரும்பி வந்து தண்ணி வந்ததும் அப்பாடான்னு உக்காந்தோம், பத்து நிமிஷத்துல கெஸ்ட் ரூம் சீலிங் வயிறு மாதிரி தொங்கிப் பிளந்து கொட்டுது. பைப் உடையறது குளிர்ல, தெரியறது ஐஸ் உருகினப்புறம். வால்வ மூடலாம்னு ஓடினா அது பூச்செடிப் பாத்தியில மல்ச்சுக்கு அடியில புதைஞ்சு கிடக்கு, கைய விட்டுத் தோண்டி எடுக்கறதுக்குள்ள கார்ப்பெட் ஃபுல்லா ஊறிடுச்சு.

அதனால இப்பவே வெளிய போய்ப் பாருங்க, முன்பக்கச் சுவர் ஓரம், கராஜ் சுவர், இல்ல தரையில ஒரு சின்ன ப்ளாஸ்டிக் மூடி. நீட்டுக் கைப்பிடின்னா கால் வட்டம் திருப்பினா மூடிடும், உருண்டை வீல்னா வலது பக்கமா நிக்கற வரைக்கும் திருப்பணும். ஒரு தடவ மூடித் திறந்து பாத்துட்டு சிவப்பு ரிப்பன் கட்டி வைங்க, வீட்ல இருக்கற எல்லாருக்கும் காட்டுங்க, அமெரிக்கா வந்திருக்கற அப்பா அம்மாவுக்கும் சேத்து, ஏன்னா பகல்ல வீட்ல இருக்கறது அவங்கதான்.

2. வெளிய இருக்கறத முதல்ல முடிங்க

கார்டன் ஹோஸ கழட்டுங்க, மாட்டி விட்டா உள்ள தண்ணி தங்கி உறையும். குழாய்க்கு ஃபோம் கவர் போடுங்க, கிடைக்கலன்னா பழைய துண்டு சுத்தி மேல ப்ளாஸ்டிக் பை கட்டினாலும் சரி. ஸ்ப்ரிங்க்ளருக்கு தரைக்கு மேல பித்தளையில ஒரு சமாச்சாரம் நிக்கும் பாருங்க, பேக்ஃப்ளோ ப்ரிவென்டர், ஸ்ப்ரிங்க்ளர் தண்ணி குடிதண்ணி லைனுக்குத் திரும்பாம தடுக்கறது, அதுக்கு வர்ற தண்ணிய தனி வால்வுல மூடிட்டு, அதுல இருக்கற ரெண்டு கைப்பிடியையும் பாதி சாய்வுல விட்டு, சின்னச் சின்ன டெஸ்ட் ஸ்க்ரூவ ஸ்க்ரூட்ரைவரால பாதி திறந்து தண்ணிய வடிய விடுங்க. நிறைய பேருக்கு உடையறது இதுதான்.

3. வீட்டுக்குள்ள

இங்க நிறைய வீட்ல பைப் அட்டிக்ல, அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவுல, ஓடுது, அதான் குளிர் நேரா தாக்குது. அட்டிக்ல துணி சுத்தாத பைப் தெரிஞ்சா ஃபோம் ஸ்லீவ் வாங்கி மாட்டுங்க. வெளிச்சுவர் ஓரமா இருக்கற சிங்க் அடியில கப்போர்ட் கதவ ராத்திரி திறந்து விடுங்க. டேங்க் இல்லாத வாட்டர் ஹீட்டர் (டேங்க்லெஸ்) வெளிச்சுவர்ல மாட்டியிருந்தா அதோட உறைநிலைப் பாதுகாப்பு கரண்ட்லதான் ஓடுது, கரண்ட் போனா அதுலேர்ந்தும் தண்ணிய வடிச்சாகணும்.

4. சொட்டு விடறதா வேணாமா

யூட்யூப்ல எல்லாரும் குழாய சொட்ட விடுங்கன்னு சொல்வாங்க. இங்க அவசரப்படாதீங்க, உங்க மட் அனுப்பற மெசேஜ முதல்ல படிங்க. எல்லாரும் ஒரே ராத்திரி திறந்து விட்டா லைன்ல ப்ரஷர் விழுந்துடும், 2021-ல ஹூஸ்டன் சிட்டியே ஹாஸ்பிடலுக்கும் தீயணைப்புக்கும் தண்ணி வேணும், குழாய ஓட விடாதீங்கன்னு கெஞ்சிச்சு. ப்ரஷர் 20 பி.எஸ்.ஐ-க்கு கீழ போச்சுன்னா தண்ணிய கொதிக்க வெச்சுக் குடிங்கன்னு நோட்டீஸ் விடணும்ங்கறது ஸ்டேட் விதி. அந்த நோட்டீஸ் வந்தா நல்லா தளதளன்னு கொதி வந்தப்புறம் 2 நிமிஷம் கொதிக்க விடணும், மோர் கரைக்கற தண்ணிக்கும் பல் தேய்க்கற தண்ணிக்கும் இதேதான்.

சொட்டு விடறத விட நான் சொல்றது, கரண்ட் போயி வீடு சில்லுனு ஆக ஆரம்பிச்சா மெயின் வால்வ மூடுங்க, மாடி குழாயத் திறங்க, கீழ இருக்கற குழாயத் திறங்க, டாய்லெட்ட ஃப்ளஷ் பண்ணுங்க, பைப் காலி. அதுக்கு முன்னாடி குடிக்கவும் டாய்லெட்டுக்கும் பக்கெட்ல பிடிச்சு வெச்சுக்கோங்க. எலக்ட்ரிக் வாட்டர் ஹீட்டர் இருந்தா ப்ரேக்கர ஆஃப் பண்ணிடுங்க.

5. இப்ப டாக்ஸ், இது எஸ்க்ரோவுல, அதாவது மார்ட்கேஜ் கம்பெனி மாசாமாசம் நம்மகிட்ட பிடிச்சு வெச்சு டாக்ஸ் கட்டற கணக்குல, போகுதான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க

பில் அக்டோபர், நவம்பர்ல வரும், கடைசித் தேதி ஜனவரி 31. மட் டாக்ஸ் நிறைய இடத்துல கவுண்டி பில்லோட சேந்து வராது, தனி கலெக்டர் தனி கவர்ல அனுப்புவாங்க, புதுசா வீடு வாங்கினவங்களுக்கு அது பில்டர் பேருக்கே போயிடலாம். எங்களுக்கும் முதல் வருஷம் மார்ட்கேஜ் கம்பெனி ஸ்கூல் டாக்ஸும் கவுண்டி டாக்ஸும் கட்டிட்டு மட்ட விட்டுட்டாங்க, எங்களுக்குத் தெரிஞ்சது மார்ச்ல. பில் வரலன்னு சொன்னா அபராதம் போகாது, சட்டம் அப்படி.

கணக்குப் பாருங்க. 4 லட்சம் டாலர் வீடு, 100 டாலருக்கு 80 சென்ட் ரேட்டுன்னா மட் டாக்ஸ் மட்டும் 3,200. பிப்ரவரியில கட்டினா 7 சதவீதம் சேரும், அது 224 டாலர். ஜூலை வரைக்கும் விட்டா 18 சதவீதம், அதுக்கு மேல வக்கீல் கலெக்ஷன் ஃபீஸ் 20 சதவீதம் வரைக்கும் போடலாம், மொத்தம் 4,500-ஐத் தாண்டிடும்.

அதனால உங்க கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வீட்டுக்கு மதிப்பு போடற ஆபீஸ், சைட்ல அட்ரஸ் போட்டுத் தேடுங்க, உங்க வீட்டுக்கு யார் யாரெல்லாம் டாக்ஸ் போடறாங்கன்னு லிஸ்ட் வரும், அதுல மட் நம்பர் இருக்கும். ஜனவரி முதல் வாரமே ஒவ்வொண்ணும் கட்டியாச்சான்னு பாருங்க. கட்டலன்னா மார்ட்கேஜ் கம்பெனிக்கு பில்ல ஈமெயில்ல அனுப்பி, எழுத்துல பதில் வாங்குங்க.

6. ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன்

நீங்களே குடியிருக்கற சொந்த வீட்டுக்கு, டாக்ஸ் போடற மதிப்புல ஒரு பகுதியக் கழிக்கற சலுகை இது. ஃபாரம் 50-114, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்ல ஃப்ரீ. நான் பண்ணித் தரேன்னு காசு கேட்டு வர்ற லெட்டர தூக்கிப் போடுங்க. டெக்சஸ் லைசென்ஸ்ல வீட்டு அட்ரஸ் இருக்கணும், அவ்வளவுதான். சிட்டிசன் ஆகணும்னு இல்ல, எச்-1பி வேலை விசாவுல இருக்கறவங்களுக்கும் உண்டு, இது தெரியாமலே வருஷக்கணக்கா விட்டவங்க நம்மள்ல இருக்காங்க, அதப் பாத்தா எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. ஸ்கூல் டாக்ஸ்ல 1,40,000 டாலர் மதிப்பு கழியும், 2025 நவம்பர் ஓட்டுல ஏத்தினது. மட் டாக்ஸ்ல தானா கழியாது, போர்டு விரும்பினா 20 சதவீதம் வரைக்கும் கழிக்கலாம், உங்க போர்டு கொடுக்கலன்னா ரேட் முடிவு பண்ற மீட்டிங்ல போய்க் கேளுங்க.

தண்ணி பில்லுல மட் ஆபரேட்டரோட 24 மணி நேர எமர்ஜென்சி நம்பர் இருக்கும். அத ஒரு பேப்பர்ல பெருசா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க, கரண்ட் போன ராத்திரியில பில்ல தேடிட்டு இருக்க முடியாது.