வாடகை வீட்டில் முதலில் உட்கார ஓர் இடம்

சாமான் வண்டி வந்து நின்றதும் எல்லோரும் கேட்பது, "டிவி எங்கே, கட்டில் எங்கே?" என்றுதான். நான் இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்வேன். என் கணவருக்கு வங்கி வேலை, அடிக்கடி மாற்றல். திருநெல்வேலி, ஈரோடு, இப்போது மதுரையில் ஒரு மாடி போர்ஷன். எந்த ஊருக்குப் போனாலும் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார ஓர் இடத்தைத்தான் முதலில் பிடிப்பேன். அது அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அதைச் சுற்றி வந்து சேரும்.

வீடு காலியாக இருக்கும்போதே அந்த இடத்தைத் தேடுங்கள். காலையில் ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை, ஒவ்வோர் அறையிலும் தரையில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எந்தப் பக்கம் போகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். எதிரெதிரே ஜன்னலோ கதவோ உள்ள அறைதான் நல்லது. அந்த இரண்டுக்கும் நடுவில் பீரோவை நிறுத்திவிடாதீர்கள்.

மேற்குச் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில் உள்ளே விடும். அங்கே கட்டில் வேண்டாம், பீரோவைச் சுவரை ஒட்டாமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்ட ஹவுஸ் ஓனரிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சூட்டை, உள்பக்கம் தொங்கும் ஸ்கிரீன் பெரிதாகத் தடுக்காது. மதுரை போன்ற வறண்ட ஊர்களில் கோடைக்கு வெட்டிவேர் தட்டியில் தண்ணீர் தெளித்தால் காற்று குளிர்ந்து வரும். கடலோர ஊர்களில் புழுக்கம் அதிகம், அங்கே அவ்வளவு பலன் இருக்காது.

இனி விரிப்பு. எங்கள் கூடத்தில் சோபா இல்லை. ஈரோட்டில் இருந்தபோது வாங்கிய பவானி ஜமக்காளம், அதன் பக்கத்தில் பத்தமடைக் கோரைப் பாய். கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் போட்டு நெய்கிற பட்டுப் பாயை விரித்து மிதிக்க மனசு வராது, தினப்படிக்குச் சாதாரணப் பாய் போதும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும், நிழலில் காயவிட்டுச் சுருட்டுங்கள்.

எல்லோராலும் தரையில் உட்கார முடியாது. என் மாமியாருக்கு முட்டி வலி. அவருக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று, பாயை ஒட்டியே. இருக்கை 18 அங்குல உயரம், கையை ஊன்றி எழுந்துவிடுவார். அதைத் தள்ளி மூலையில் போட்டிருந்தால் பேச்சில் அவர் இருக்கவே மாட்டார். வீட்டு அலங்காரத்தில் எனக்கு மிக முக்கியமானது இந்த ஒன்றுதான்: வயதானவர் பேச்சுக்கு எட்டும் தூரத்தில் உட்கார வேண்டும்.

விளக்கு வாங்கும்போது அட்டையில் கெல்வின் எண்ணைப் பாருங்கள், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது அது. 6500 என்றால் வெள்ளை வெளிச்சம், அரிசியில் கல் பொறுக்கும் சமையலறைக்குச் சரி. சாயங்காலம் உட்காரும் இடத்துக்கு 2700 அல்லது 3000 போதும், இதமான மஞ்சள். உச்சியில் மாட்டாமல் ஸ்டூல் மேல் தாழ்வாக வையுங்கள்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாதா? படங்களை ஷெல்ஃபில் சாய்த்து வைக்கலாம்.

பழைய பாத்திரங்களை பரணில் ஏற்றிவிடாதீர்கள். அம்மா கொடுத்த பித்தளை உருளி எங்கள் அடுப்படி மேடையிலேயே இருக்கிறது, விசேஷத்துக்குப் பாயசம் அதில்தான். எந்த ஊர் அடுப்பில் ஏறினாலும் பிள்ளைகளுக்கு அது ஆச்சி பாத்திரம். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் எடுத்துப் புழங்குங்கள். உள்ளே வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருந்தால் மறுபடி பூசிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், புளிப்பு நேராகப் பித்தளையில் படக் கூடாது.