ஓட ஆரம்பிப்பது எப்படி: பேச்சு வருகிற வேகத்தில்

மெதுவாக ஓடுங்கள். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓட ஆரம்பித்து ஒரே மாதத்தில் விட்டவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோருமே வேகமாக ஓடித்தான் விட்டார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் விட்டேன்.

எனக்கு அப்போது 41 வயது. ரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், இப்போதே உடம்பை அசைத்தால் தள்ளிப்போடலாம் என்றார் மருத்துவர். மறுநாள் காலை ஐந்தரைக்கு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போனேன். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் அடி, வெளியே ஒரு சுற்று வந்தால் சுமார் 1.2 கி.மீ. பள்ளியில் ஓடிய நினைப்பில் விறுவிறுவென்று கிளம்பினேன். முதல் மூலை தாண்டினேன், இரண்டாவது மூலையில் நெஞ்சு அடைக்கிற மாதிரி ஆகிவிட்டது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியும் விடாமல் தினமும் அதே வேகத்தில் போனேன், மூன்றாவது வாரம், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் முன்கால் எலும்பு ஓரமாக வலி கண்டு மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் சரியாகப் படித்து, கேட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு என் அக்காவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கு 46 வயது. கீழே இருப்பது நாங்கள் இரண்டு பேரும் செய்தது.

முதல் படி: யார் மருத்துவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும்

இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு, நடக்கும்போதே நெஞ்சில் அழுத்தம் அல்லது தலைசுற்றல் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருப்பவர்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் என்று சொல்லப்பட்டவர்கள், இவர்கள் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நாற்பதைத் தாண்டி, பல வருடம் உடற்பயிற்சியே இல்லாமல் இருந்தவர்களும் ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம், அதனால் மருந்து நேரத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, பையில் நாலு மிட்டாயோ குளுக்கோஸோ போட்டுக்கொண்டு போங்கள்.

வயது தடை இல்லை. பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் தன் முதல் மாரத்தானை, அதாவது 42.195 கி.மீ., லண்டனில் 2000-ஆம் ஆண்டு ஓடி முடித்தபோது அவருக்கு 89 வயது. எடுத்துக்கொண்டது 6 மணி 54 நிமிடம்.

"ஓடினால் மூட்டு தேயும்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். நல்ல மூட்டு உள்ளவர் அளவாக ஓடினால், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவரைவிட அவருக்கு மூட்டுத் தேய்மானம் அதிகமாக வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாம் படி: ஷூ

செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான். கேன்வாஸ் ஷூவும் பழைய ஆபீஸ் ஷூவும் வேண்டாம். ரன்னிங் ஷூ என்றே கேட்டு வாங்குங்கள், 2000 முதல் 3000 ரூபாய்க்குள் ஆரம்பத்துக்குப் போதுமானது கிடைக்கும். கடைக்குச் சாயங்காலம் போங்கள், ஏனென்றால் நாள் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அதே மாதிரிதான் வீங்கும். ஓடும்போது போடுகிற சாக்ஸையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும்.

உடுப்பு உங்கள் வசதி. பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக் கனக்கும், பாலியெஸ்டர் டிஷர்ட் சீக்கிரம் காயும். பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா அவசியம், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அக்கா சுடிதாரில்தான் ஓடுகிறாள், துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்வாள். தொடை உரசிப் புண்ணாகும் இடங்களில் முன்கூட்டியே கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: முதல் இரண்டு வாரம் நடை மட்டும்

வாரத்தில் நாலு நாள், அரை மணி நேரம், கையை வீசி வேக நடை. இதைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஏற்கெனவே தினமும் நடப்பவர் என்றால் சரி, தாண்டலாம். மற்றவர்கள் தாண்டாதீர்கள். மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே பழகிவிடும், ஆனால் எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது வாரத்தில் "இப்போது நன்றாக ஓட வருகிறதே" என்று தோன்றும்போது சொல்வது நுரையீரல்தான், கால் இன்னும் தயாராகவில்லை. நான் அடிபட்டது அந்த இடைவெளியில்தான்.

நான்காம் படி: ஓட்டமும் நடையும் கலந்து

1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஐம்பதைக் கடந்த தன் அம்மாவை மனதில் வைத்து, சும்மா உட்கார்ந்திருப்பவரை 5 கி.மீ. ஓடவைக்கும் ஒரு திட்டம் போட்டார். வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம், கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை. உலகம் முழுக்க ஆரம்பக்காரர்கள் இன்றும் அந்த வழியில்தான் போகிறார்கள். எங்களுக்கு ஏற்ற மாதிரி நாங்கள் இப்படி மாற்றிக்கொண்டோம். ஒவ்வொரு வரியும் ஒரு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு:

- 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 தடவை
- 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை
- 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 5 தடவை
- 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 4 தடவை
- 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 தடவை
- 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 தடவை
- 20 நிமிடம் நிற்காமல்
- 25 நிமிடம்
- 30 நிமிடம்

ஒவ்வொரு நாளும் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் நடை, முடிவில் ஐந்து நிமிடம் நடை. முடித்தவுடன் சட்டென்று உட்காராதீர்கள், தலை சுற்றும். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு தடவை செய்யுங்கள். அக்கா 5 நிமிட வாரத்தை மூன்று தடவை செய்தாள். நடையையும் சேர்த்து 11 வாரக் கணக்கு, அவளுக்கு 16 வாரம் ஆனது, அதில் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் படி: வேகம்

இதில்தான் எல்லாம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஓடும்போது பேச முடிய வேண்டும். ஒற்றை வார்த்தை போதாது, முழு வாக்கியம் வர வேண்டும். தனியாக ஓடினால் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பாருங்கள்: ஒரு மூச்சில் இரண்டு வரியாவது வந்தால் வேகம் சரி. ஒரு வரிக்கே நடுவில் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்தால் ஓட்டம் நடையைவிட மெதுவாகப் போகிறதே என்று தோன்றும். போகட்டும். ஓட ஆரம்பித்த இரண்டாவது வாரம் ஒரு நாள், வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் வேக நடையில் எங்களைக் கடந்து போனார்.

"ஏன்டா, நடக்கிறவங்கல்லாம் நம்மளத் தாண்டிப் போறாங்கடா" என்றாள் அக்கா.

"போகட்டும்க்கா. உனக்குப் பேச்சு வருதுல்ல, இப்படியே போவோம்."

அந்த வாக்கியத்தை அவள் முழுதாகச் சொன்னதே அன்றைக்குப் போதுமானது. இந்த வேகத்தில் ஓடும்போதுதான் இதயம் திணறாமல் பலப்படுகிறது, மறுநாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்காது, மறுபடி எழுந்து வரத் தோன்றும். கடிகாரத்தில் நாடித்துடிப்பு பார்ப்பவர்கள் பார்க்கலாம், ஆரம்பத்தில் அது தேவையே இல்லை.

மூச்சை மூக்கால் மட்டும்தான் இழுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாய், மூக்கு இரண்டாலும் தாராளமாக இழுங்கள். விலாவில் சுருக்கென்று பிடித்தால் நடந்துகொண்டே ஆழமாக மூச்சை விடுங்கள், ஓரிரு நிமிடத்தில் விட்டுவிடும்.

உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். எடுத்து வைக்கும் அடி சின்னதாக இருக்கட்டும், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழட்டும், காலை முன்னால் நீட்டி வைத்தால் முழங்காலுக்கும் முன்கால் எலும்புக்கும் அடி. தோளைத் தளர விடுங்கள். பலரும் வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஓடி முடித்ததும் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள், சாவியின் பல் சிவப்பாகப் பதிந்திருந்தால் அரை மணி நேரமும் கையை இறுக்கி, அதோடு தோளையும் கழுத்தையும் இறுக்கி ஓடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். எனக்கு முதல் மாதம் முழுக்க அந்தத் தடம் இருந்தது.

ஆறாம் படி: வெயில், தெரு, நாய்

நம் ஊரில் விடிகாலைதான் நேரம். ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவில் முடித்துவிடுங்கள். கத்திரி வெயில் நாட்களில் அந்த நேரத்திலும் புழுக்கம் இருக்கும், வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது. அந்த மாதத்தில் வேகத்தை இன்னும் குறைத்து, நடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், அரை மணி ஓட்டத்துக்குப் பாட்டில் தேவையில்லை. வந்தபின் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடித்துப் பாருங்கள், காசு கொடுத்து வாங்கும் வண்ண பானங்கள் எதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கிறுகிறுப்பு, குமட்டல், திடீரென்று குளிர்வது போன்ற உணர்வு வந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போங்கள்.

சாலையில் ஓடினால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இருட்டில் வெளிர் நிறச் சட்டை. காதில் பாட்டு வேண்டுமென்றால் ஒரு காதில் மட்டும்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடினால் அது இன்னும் துரத்தும். முதுகைக் காட்டாமல், கையை வீசாமல், மெல்ல நடந்து விலகுங்கள். மீறிக் கடித்தாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடவே கூடாது.

ஏழாம் படி: எந்த வலியோடு ஓடலாம், எதோடு கூடாது

இரண்டு தொடையும், இரண்டு கெண்டைக்காலும் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கனமாக வலித்தால் அது புது வேலைக்கு உடம்பு பழகும் வலி, நடந்தால் குறையும். ஒரே காலில், ஒரே இடத்தில், ஓட ஓடக் கூடும் வலி வேறு. முன்கால் எலும்பை மேலிருந்து கீழே விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். நீளமாகப் பரவலாக வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி ஓய்வு கொடுங்கள், வலி முழுக்கப் போனபின், நான்காம் படியின் பட்டியலில் இரண்டு வாரம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்தினால் எலும்பில் விரிசலாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் நின்றுவிடுங்கள், தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எடை பற்றி

பெரும்பாலானோர் இதற்காகத்தான் வருகிறார்கள், அதனால் உண்மையைச் சொல்கிறேன். ஒரு கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோ எடைக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆள் 3 கி.மீ. ஓடினால் 210 கலோரி. வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காப்பியும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், மிச்சம் ஒன்றும் இருக்காது. எடை குறைய, தட்டில் என்ன விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆனால் எடை அசையாத மாதங்களிலும் படியேறும்போது மூச்சு வாங்குவது குறையும், தூக்கம் ஆழமாகும். எனக்கு எட்டு மாதத்தில் நாலு கிலோதான் குறைந்தது, ஹெச்பிஏ1சி 5.6-க்கு வந்தது. இரவில் சாதத்தைக் குறைத்ததும் அதில் சேர்த்தி.

முப்பது நிமிடம் வந்தபின்

ஒரு மாதம் அங்கேயே நில்லுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஐந்து நிமிடம் கூட்டுங்கள், மற்ற இரண்டு நாள் பழையபடியே. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, மூன்று அரைமணி ஓட்டத்தோடு இரண்டு நாள் நடையும் சேர்ந்தால் அதைத் தாராளமாகத் தொட்டுவிடுவீர்கள்.

தைப்பூசத்துக்குத் தெப்பத் திருவிழா நடக்கும்போது குளத்தைச் சுற்றி ஓட இடம் இருக்காது, அந்த நாட்களில் நாங்கள் வீட்டுத் தெருவிலேயே முன்னும் பின்னுமாக ஓடினோம். திருவிழா முடிந்த வாரம் அக்கா குளத்தை இரண்டரைச் சுற்று நிற்காமல் வந்தாள், அதாவது 3 கி.மீ. நாலு சுற்றும் கொஞ்சமும் வந்தால் 5 கி.மீ. ஆகும். அது சித்திரைக்குள் முடியுமா என்று கேட்டாள், ஓடிக்கொண்டே, முழு வாக்கியத்தில்.