கிளிக்குஞ்சை முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு

மாரி மழை ஓய்ந்து, தலை முறிந்த பனைகளின் பொந்துகளில் பச்சைக்கிளிகள் குஞ்சு பொரிக்கும் காலம் வந்துவிட்டால், வன்னியின் ஊர்களில் கிளி வளர்க்கும் ஆசை சிறுவர்களைப் போலவே பெரியவர்களுக்கும் எழுகிறது. ஆனால் பொந்திலிருந்து குஞ்சை எடுக்கவே கூடாது. கீழே விழுந்து கிடக்கும் குஞ்சைக் கண்டால், முடிந்தவரை அதே பொந்தில் திரும்ப வைத்துவிட வேண்டும்; மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. எந்தக் கிளியை வீட்டில் வைத்திருக்கலாம் என்பதை வனஜீவராசிகள் திணைக்களத்தின் அலுவலகத்தில் கேட்டறிந்து, கூண்டில் வளர்த்துப் பெருக்கப்பட்ட கொக்கட்டீல், லவ் பேர்ட்ஸ் போன்றவற்றின் குஞ்சையே வாங்குங்கள். அதிலும் தானாகத் தின்னப் பழகிய குஞ்சே புதியவருக்கு ஏற்றது. கையால் ஊட்டி வளர்த்தால்தான் கிளி பழகும் என்று விற்பவர் சொல்வதை நம்பிச் சிறகு முளைக்காத குஞ்சை வாங்குவது, அனுபவம் இல்லாதவர் கையில் ஓர் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அப்படியொரு குஞ்சு எப்படியோ உங்கள் பொறுப்பில் வந்துவிட்டால், தீனியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதன் உடற்சூட்டைக் கவனியுங்கள். குளிர்ந்திருக்கும் குஞ்சுக்குத் தீனி செரிக்காது. பொரித்த சில நாட்களில் ஏறத்தாழ 35 பாகை செல்சியசும், சிறகு முளைகள் தெரியும்போது 30 பாகையளவும், உடல் மூடச் சிறகு வந்தபின் 25 பாகையளவும் போதுமானவை. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலைக் குளிரில் குஞ்சை வைத்திருக்கும் பெட்டிக்குள் சூடு தேவைப்படும். மின்சாரம் நின்றால், வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு மூலையில் வைக்கலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. வாயைத் திறந்து இளைத்தபடி, இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருக்கும் குஞ்சு சூட்டால் தவிக்கிறது.

தீனிக்குக் கிளிக்குஞ்சுகளுக்கென்றே விற்கப்படும் மாவைப் பயன்படுத்துங்கள். பாலில் ஊறவைத்த பாணை ஊட்டும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பறவைகளால் பாலைச் செரிக்க முடியாது என்பதால் அதைக் கைவிட வேண்டும். மாவைக் கொதித்தாறிய நீரில் கட்டியின்றிக் கரைத்து, 39 முதல் 41 பாகைக்குள் இருக்கிறதா என்று வெப்பமானியால் பார்க்க வேண்டும். அதற்கு மேற்பட்ட சூடு, விழுங்கிய தீனி முதலில் தங்கும் தீன்பையைச் சுட்டுவிடும். ஆறிய தீனி அங்கேயே தேங்கிப் புளிக்கும். ஊசி கழற்றிய சிரிஞ்சை அலகின் இடப்பக்கத்தில் வைத்து வலப்பக்கம் நோக்கிச் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். குஞ்சு தலையை மேலும் கீழும் அசைத்து விழுங்கும்போது மட்டுமே ஊட்ட வேண்டும். அசைவு நின்றதும் நிறுத்தாவிட்டால் தீனி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவாகும்: 60 கிராம் குஞ்சுக்கு 6 மில்லிலீற்றர்.

கழுத்தின் கீழே புடைத்துத் தெரியும் தீன்பையைத் தொட்டுப் பார்ப்பதே உங்கள் கடிகாரம். அது நிரம்பியதும் மென்மையாக இருக்க வேண்டும்; கல்லாகவோ பலூனாகவோ இறுகக் கூடாது. ஏறத்தாழ வெறுமையான பின்னரே அடுத்த வேளை. இரவில் ஒருமுறையாவது முழுதாக வெறுமையாக வேண்டும். காலையில் ஊட்டுவதற்கு முன் கிராம் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வளரும் குஞ்சின் எடை ஒரு நாள் குறைந்தாலும், தீன்பை காலையிலும் நிரம்பியே இருந்தாலும், அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

சிறகு மூடியபின் ஊறவைத்த பயறு, அவித்த சோளம், முருங்கையிலை, பப்பாசி, கொய்யா ஆகியவற்றை அருகில் வைத்தால் குஞ்சு கொறித்துப் பழகும். தானே போதியளவு தின்னும்வரை கையூட்டை நிறுத்த வேண்டாம். பூஞ்சணம் பிடித்த கச்சான், அவகாடோ, சொக்கலேற், கோப்பி, வெங்காயம் ஆகாது. விறகடுப்புப் புகையும் நுளம்புச் சுருளும் எட்டாத அறையில் பெட்டியை வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எச்சத்தைத் துடைத்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள்; கிளிகளிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் நோய் தொற்றக்கூடும்.