காயிலோவர் போட்டுக் காரை இறக்கும்போது எங்கே தப்பு நடக்கிறது?

டயருக்கும் வீல் ஆர்ச்சுக்கும் நடுவே நான்கு விரல் போகிற இடைவெளியைப் பார்த்தால் சிலருக்குக் கண்ணை உறுத்தும். அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் காயிலோவர் வாங்குகிறார்கள்: ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு அது. மரையைத் திருகினால் கார் இறங்கும், திரும்பத் திருகினால் ஏறும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் அளப்பது வெளியே தெரியும் இடைவெளியை. அளக்க வேண்டியது ஷாக்குக்குள் மேலே போக எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை. முக்கால்வாசித் தவறுகள் இதை மறப்பதால் வருபவை.

கணக்கைப் பார்ப்போம். பள்ளத்தில் விழும்போது வீல் மேலே போக 80 மில்லிமீட்டர் இடம் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரை 40 இறக்கிவிட்டால் மீதி 40. அதே அடியைப் பாதித் தூரத்தில் தாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் நான்கு மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கை யாரும் தெருவில் ஓட்டும் காருக்குப் போட மாட்டார்கள். ஆகவே மிச்ச அடியை பம்ப் ஸ்டாப், அதாவது ஷாக் கடைசி வரை அமுங்கி மோதாமல் தடுக்கும் ரப்பர் அல்லது ஃபோம் கட்டை, வாங்குகிறது. "காயிலோவர் போட்டதிலிருந்து கட்டை வண்டி மாதிரி இடிக்குது" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு ஸ்பிரிங்மீது குறையே இல்லை. கார் பம்ப் ஸ்டாப்பின்மேல் உட்கார்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே பம்ப் ஸ்டாப்பை வெட்டிச் சின்னதாக்குவது அடுத்த தவறு. அப்போது இரும்பும் இரும்பும் மோதும். ஷாக் சீக்கிரமே ஆயில் கக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. தலைகீழ் வகையாக (தண்டு கீழ்ப்பக்கம் இருப்பது) இல்லாத ஷாக்கில், ரப்பர் உறையைத் தூக்கிவிட்டுப் பளபளக்கும் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டுங்கள். அதைத் தண்டு ஷாக்குக்குள் நுழையும் இடம் வரைக்கும் கீழே தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு சுற்று ஓட்டி வந்து பாருங்கள். டை எவ்வளவு மேலே நகர்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. அது பம்ப் ஸ்டாப்பை அழுத்தி நின்றால் காரைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

காயிலோவரில் இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். விலை குறைந்தவற்றில் ஸ்பிரிங் உட்காரும் காலரை மட்டும்தான் நகர்த்த முடியும். காலரை இறக்கினால் கார் இறங்கும், கூடவே ஷாக்கின் தண்டும் உள்ளே போகும். ரொம்ப இறக்கினால் ஜாக்கியில் தூக்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து லொடலொடக்கும். இன்னொரு வகையில் ஷாக்கை வீல் பக்கத்தோடு பிணைக்கும் கீழ் பிராக்கெட்டே மரையில் ஏறி இறங்கும். ஷாக்கின் மொத்த நீளம் மாறுவதால் தண்டின் ஓட்டம் அப்படியே இருக்கும். இந்த நல்ல வகையை வாங்கிவிட்டு, பிராக்கெட்டைத் தொடாமல் காலரைத் திருகியே உயரம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். கொடுத்த கூடுதல் காசு வீண். இந்த வகையிலும் ஒரு சிக்கல் உண்டு: ஷாக்குக்கு இடம் இருந்தாலும் டயருக்கு இருக்காது. ஒருமுறை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வெறும் ஷாக்கோடு வீலை மாட்டி, ஜாக்கியால் கடைசி வரை தூக்கி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். எது எதில் உரசும் என்று அங்கேயே தெரிந்துவிடும். ஏற்றும்போதும் கவனம் வேண்டும். பிராக்கெட்டுக்குள் குறைந்தபட்சம் இவ்வளவு மரை இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார்; அதை மீறினால் மரை பிய்ந்துகொள்ளும்.

ஃபோக்ஸ்வாகன் போலோ மாதிரிக் கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அங்கே ஸ்பிரிங் சீட்டைத்தான் திருக வேண்டும். ஸ்பிரிங் இருக்கும் இடமும் வீல் இருக்கும் இடமும் வேறு என்பதால் திருகிய அளவும் கார் இறங்கும் அளவும் ஒன்றாக இருக்காது. கொஞ்சம் திருகி, இறக்கி, அளந்து, மறுபடி திருகுங்கள்.

எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு நன்றாக வளைவில் நிற்கும் என்ற நம்பிக்கையும் ஓரளவுக்குத்தான் சரி. முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே வீலைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு) இருக்கும் கார்களில், வீலின் அடிப்பகுதியைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம் பொதுவாகக் கிடையாகவோ, வெளிமுனை சற்றுக் கீழே சரிந்தோ இருக்கும். காரை அதிகமாக இறக்கினால் வெளிமுனை மேலே போய்விடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர், காரின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக்கூடக் காரைச் சாய்க்கும் விசையும் கூடும். எடை மையம் தாழ்ந்தும் கார் முன்பைவிட அதிகம் சாயப் பார்க்கும் விந்தை இப்படித்தான் நடக்கிறது. மேட்டில் ஏறும்போது ஸ்டீயரிங் தானாக இழுப்பதும் இதன் கூடப்பிறப்பு. தெருவில் ஓட்டும் காருக்கு 25, 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. படம் எடுத்துப் போடுவதற்காக இறக்குகிறவர்கள் இதைக் கேட்கப்போவதில்லை, சரி.

கடைகளில் அதிகம் நடப்பதும் யாரும் கவனிக்காததும் புஷ் விஷயம்தான். லோயர் ஆர்ம் காரோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ், உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டப்பட்டது. ஆர்ம் அசையும்போது ரப்பர் முறுக்கிக்கொள்ளும். வீல் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கிய கணத்திலிருந்து புஷ் முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். அது சீக்கிரம் கிழியும். காரின் உயரமும் பொய்யாகக் கூடத் தெரியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, எடை வீலின்மேல் வந்த பிறகு டார்க் ரெஞ்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கச் சொல்லுங்கள். காருக்கு அடியில் நின்று வேலை செய்யப் பிட்டோ ராம்ப்போ இல்லையென்றால், லோயர் ஆர்மின் வெளிமுனையில் ஜாக்கி கொடுத்து அதே உயரத்துக்குத் தூக்கி இறுக்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றால் கூடவே நின்று செய்ய வையுங்கள்.

அளப்பதிலும் அவசரம் கூடாது. ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே டயர்கள் உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டு காரைச் சற்று உயரத்தில் நிறுத்தும். முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டிய பிறகுதான் அளக்க வேண்டும். அதுவும் தரையிலிருந்து அல்ல. வீலின் நடுவிலிருந்து ஆர்ச்சின் விளிம்பு வரை. அப்போதுதான் டயரில் காற்று குறைந்திருந்தாலும் கணக்கு மாறாது. கழற்றுவதற்கு முன்பே நான்கு மூலைகளையும் அளந்து எழுதி வையுங்கள். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்று அமரும் என்பதால் கடைசி அலைன்மென்ட்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் டோவை (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் முதல் நாளே பார்த்துவிடுங்கள். டயரின் உள்பக்கத்தைத் தின்றுவிட்டது என்று கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கும் அளவு) திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோதான். அப்படியே ஹெட்லைட்டையும் சரிசெய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் இறங்கினால் வெளிச்சம் பம்பருக்கு முன்னாலேயே விழும்.

தண்டின் உச்சியில் இருக்கும் நட்டை இம்பாக்ட் கன்னால் அடிக்க விடாதீர்கள்; தண்டு உள்ளே சுழன்று சீலைக் கெடுக்கும். குமிழைக் கிளிக் கிளிக்காகத் திருகி ஷாக்கின் கடினம் கூட்டுகிற வகை என்றால் முழுக் கடினத்தில் வைத்து ஓட்டாதீர்கள். அது பந்தயப் பாதைக்கே பல சமயம் அதிகம்.

நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர் தனிக்கதை. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டுதல் அதற்குச் சொன்னது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும். தெருக்களில் பார்ப்பது குட்டிச்சுவர். காரில் ஆள் ஏறினால் இன்னும் தாழும் என்பதால் உயரத்தை முடிவு செய்யும் முன் நான்கு பேரோடு உங்கள் தெருவைத் தாண்டிப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே படித்தது. இன்சூரன்ஸ்காரரிடம் மறைத்தால் விபத்துக்குப் பிறகு கிளெய்ம் இழுபறியாகும். போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், திரும்பத் தேவைப்படும்.

மழைக்காலம் முடிந்ததும் மரையைப் பிரஷ்ஷால் தேய்த்துச் சேற்றை எடுத்துவிடுங்கள். காய்ந்த மண்ணோடு காலரைத் திருகினால் அலுமினிய மரை போய்விடும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டும் நிலைமைதான்.