புது பிரேக் டிஸ்க்கா? கழுவிவிட்டு மாட்டுங்கள்

சென்னையின் வண்டி உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டில் வாங்கிவந்த புது டிஸ்க்கை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுக்கும். துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் அது. அப்படியே மாட்டினால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் அதைக் குடித்துவிடும், அப்புறம் பிடிப்பே இருக்காது. சோப்புத் தண்ணீரில் இரு பக்கமும் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து, பிரேக் கிளீனர் அடியுங்கள். சென்னைக் காற்றுக்கு ஈர டிஸ்க் சீக்கிரமே செம்பழுப்பாகிவிடும்.

அதைவிட முக்கியம் ஹப், அதாவது டிஸ்க்கும் சக்கரமும் மாட்டும் நடுப்பகுதி. அதில் படிந்த துருவை வயர் பிரஷ்ஷால் சுரண்டாவிட்டால் டிஸ்க் சமமாக உட்காராது. நாளடைவில் பிரேக் போடும்போது பெடல் அதிரும். ‘டிஸ்க் வளைஞ்சிருச்சு’ என்று பலர் புலம்புவது பல நேரம் இதைத்தான்.

மாட்டியதும், வண்டியை நகர்த்துமுன் பெடலைக் கெட்டியாகும்வரை மிதியுங்கள். அப்புறம், புது டிஸ்க்கும் பேடும் ஒன்றுக்கொன்று பழக, விடிகாலையில், பின்னால் வண்டி வராத நேர்ச்சாலையில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை சற்று அழுத்தமாக எட்டுப் பத்து முறை குறையுங்கள். முழுதாக நிறுத்தக் கூடாது. சூட்டில் பேட் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேட் டப்பாவில் வேறு முறை போட்டிருந்தால், சரி, அதையே செய்யுங்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கெல்லாம் இதற்கு அப்புறம்தான்.