முதல் கிளாசிக் கார்: வாங்குமுன் பாடி, வாங்கியதும் பிரேக்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் முதல் வேலையாக பானெட்டைத் திறந்து என்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். காருக்கு அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. என்ஜின் தேய்ந்திருந்தால் இறக்கி, போரிங் செய்து, புது பிஸ்டனும் பேரிங்கும் போட்டு முடித்துவிடலாம். செலவையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். துருப்பிடித்த பாடி அப்படியல்ல. ஒரு ஓட்டையை அடைக்கத் தகட்டை வெட்டினால் உள்ளே இன்னும் இரண்டு தெரியும். அதனால் சுமாரான என்ஜினும் நல்ல பாடியும் உள்ள வண்டியை வாங்குங்கள். பளபளக்கும் பெயின்டுக்கு மயங்க வேண்டாம்.

எந்த மாடல் என்பதில் ஆசைக்குக் கொஞ்சம் கடிவாளம் வேண்டும். முதல் காருக்கு அதிகம் விற்ற மாடல்தான் நல்லது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1948 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் சுமார் 16 லட்சம், 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல். இவற்றுக்கு பிரேக் சிலிண்டர் முதல் கதவு ரப்பர் வரை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அரிய மாடலில் ஒரு பின்விளக்குக் கண்ணாடி உடைந்தால் வண்டி மாதக்கணக்கில் நிற்கும். "சின்னச் சின்ன பீஸ்தான் இல்லை" என்று விற்பவர் சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். தேடுவதற்கு மிகவும் கஷ்டமானவை அந்தச் சின்ன பீஸ்கள்தான்.

துரு தேடுவது

டார்ச், பழைய துணி, துணி சுற்றிய சிறு காந்தம். இவை போதும். மழையில் நனைந்த காரைப் பார்க்காதீர்கள். ஈரம் பெயின்டின் குறையை மறைத்துவிடும்.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், ஜாக்கி கொடுக்கும் இடம், பட்டை ஸ்பிரிங் பாடியில் மாட்டும் இடம், மேட்டுக்கு அடியிலுள்ள தரைத் தகடு, பேட்டரித் தட்டு, ஸ்டெப்னி வைக்கும் குழி, முன் கண்ணாடியின் கீழ் மூலைகள். தண்ணீர் தேங்குவது இங்கெல்லாம்தான். காந்தம் ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதில் பட்டி இருக்கிறது. கொப்புளம் சிறிதாக இருக்கிறதே என்று விடக்கூடாது. துரு உள்பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வந்து கடைசியில்தான் வெளியே கொப்புளமாகிறது. அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கதவு இடைவெளி நிறையச் சொல்லும். மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தால் பாடி நடுவில் தொய்ந்திருக்கலாம். எம்ஜிபி போன்ற கூரை மடக்கும் வண்டிகளில் பாடியின் பலமே சில்லில்தான். கழுத்து வலித்தாலும் படுத்துப் பார்ப்பது நல்லது.

என்ஜினும் ஓட்டமும்

போகும் முன்பே என்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை காத்திருக்கலாம், அல்லது கிளம்பலாம்.

ஸ்டார்ட் செய்த நொடியில் நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றால் வால்வு சீல் அல்லது கைடு தேய்ந்திருக்கிறது. ஓடும்போதும் நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங். இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் எரிகிறது, ஹெட் கேஸ்கட் சந்தேகம். கறுப்புப் புகைக்குப் பயப்பட வேண்டாம். பெட்ரோல் அதிகம் போகிறது, சரிசெய்யலாம். ஆயில் மூடிக்கு அடியில் வெளிறிய களிம்பு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆனால் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விற்பவர் ஒப்புக்கொண்டால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை, கேஜால் அளந்து பாருங்கள். சூடான என்ஜினில் காயில் இணைப்பைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றவிட வேண்டும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 முதல் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

ஓட்டும்போது இரண்டாவது கியரில் வேகமெடுத்துச் சட்டென்று காலை எடுங்கள். கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும். நிறுத்தியபின் பிரேக் பெடலை அரை நிமிடம் அழுத்தியே வையுங்கள். மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. கடைசியாக, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பதிவு ஆவணத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும்.

வாங்கிய முதல் மாதம்

"போன வருஷம்தான் எல்லாம் மாற்றினோம்" என்பதற்கு ரசீது இல்லையென்றால் எதுவும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக, கார் வாங்க ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

பிரேக்தான் முதலில். 1960களுக்கு முந்தைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஒரே பிரேக் சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ரப்பர் ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொள்ளும். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரம் பிடித்தே இருந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கசிவு. டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கான் ஆயில். மற்றதோடு கலக்கவே கூடாது.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். பீட்டிலில் ஹோஸ் கசிந்து சூடான என்ஜின்மேல் சொட்டினால் தீதான். ஆர்9 குறியிட்ட ஹோஸையும் புது கிளிப்பையும் போடுங்கள்.

டயரில் பூ இருக்கிறதா என்பதைவிட வயது முக்கியம். பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தையது. பத்து வருடம் தாண்டியதை மாற்றிவிடுங்கள்.

வழக்கமான பராமரிப்பு

ஆயிலை 5000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். அந்தக் கால என்ஜின்கள் பலவற்றுக்கு 20டபிள்யூ-50 மினரல் ஆயில் பொருந்தும். மெல்லிய சின்தெடிக் ஆயில் பழைய சீல் வழியே கசியும். பீட்டிலுக்கு 2.5 லிட்டர், ஃபில்டர் இல்லை, வலைதான், அதையும் கழற்றிக் கழுவ வேண்டும். அதே 5000 கி.மீ.யில், என்ஜின் முழுக்க ஆறியபின், பீட்டிலின் வால்வு இடைவெளியை 0.15 மி.மீ.க்கு வையுங்கள். கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) உண்டு; கையேடு ஜிஎல்-4 கியர் ஆயில் கேட்டால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள்.

மோரிஸ் மைனரின் முன்சக்கர டிரன்னியன் (சக்கரம் திரும்ப உதவும் மரையிட்ட மூட்டு) கிரீஸ் இல்லாமல் தேய்ந்தால் மரை கழன்று சக்கரம் மடிந்துவிடும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பழைய கிரீஸ் வெளியேறிப் புதிது எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். 1500 கி.மீ.க்கு ஒருமுறை அடித்தால் கவலையில்லை.

வண்டி இழுக்கவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் பாயின்டை, அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனையை, பாருங்கள்.

1. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயின்ட் முழுக்கத் திறக்கும்வரை என்ஜினைக் கையால் சுற்றுங்கள்.
2. ஃபீலர் கேஜால் இடைவெளி பாருங்கள். பல லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களுக்கு 0.35 முதல் 0.40 மி.மீ., பீட்டிலுக்கு 0.40 மி.மீ.
3. ஸ்குரூவை இறுக்கியபின் மறுபடி அளவெடுங்கள். இறுக்கும்போது இடைவெளி நகர்ந்துவிடும்.
4. கேமில் துளி கிரீஸ் தடவுங்கள். தடவாமல் விட்டால் பாயின்டின் குதி தேய்ந்து, இடைவெளி சுருங்கி, டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கும்.
5. டைமிங்கை இதற்குப் பிறகே வையுங்கள்.

மின்சாரக் கோளாறு பலவற்றுக்குக் காரணம் எர்த் சரியில்லாததுதான். எர்த் வயர் பாடியில் மாட்டும் இடத்தைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்குங்கள். 1967 வரை வந்த எம்ஜிபி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இணையும். பேட்டரியை மாற்றி இணைத்துவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் இரும்பு டேங்கை நிரப்பி, புது ஆயில் ஊற்றி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, டயரில் காற்றைச் சற்றுக் கூட்டி விடுங்கள். காற்றுப் போகும் துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் ஈரம் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். எடுத்தால் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துவிடுங்கள்.