ஊசி நடுவில் நின்றால் மட்டும் போதாது: ஜிபிஎஸ் பாதையில் இறங்கும்போது நடக்கும் தவறுகள்

ஐஎல்எஸ் (ஓடுபாதையோர ஆன்டெனாவின் ரேடியோ கதிரால் விமானத்தை வழிநடத்தி இறக்கும் அமைப்பு) வைக்க வசதியில்லாத சின்ன விமான நிலையங்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டல் ஒரு வரம்தான். ஓடுபாதையோரம் ஆன்டெனா நட வேண்டாம், எல்பிவி (திசை, சரிவு இரண்டையும் செயற்கைக்கோளே தரும் இறங்குமுறை) கிடைத்தால் நல்ல இடங்களில் 200 அடி வரைகூட மேகத்துக்குள்ளேயே இறங்கி வரலாம். வம்பு எங்கே என்றால், திரையில் வரும் சரிவுக்கோடு எப்போதும் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தக் கோட்டுக்கு உயரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே அதைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

எல்பிவியில் உயரமும் செயற்கைக்கோள் கணக்குதான். வாஸ், எக்னோஸ், ககன் போன்ற அமைப்புகள் ஜிபிஎஸ் பிழையைத் திருத்தி அனுப்புகின்றன. எல்நாவ்/விநாவ் (திசைக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு சேர்ந்த முறை) என்றால், பெரிய ஜெட்களில் பெரும்பாலும், காற்றழுத்த உயரமானியை நம்பி வரைந்த கோடு. கியூஎன்ஹெச்சை (உயரமானியில் வைக்கும் கடல்மட்ட அழுத்த அளவு) உண்மையைவிடக் கூடுதலாக வைத்தால் கோடும் கூடவே கீழே இறங்கிவிடும், கோட்டில் இருக்கிறோமா என்று காட்டும் ஊசியோ நடுவில் சாதுவாக நிற்கும். 2022 மே மாதம் பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று அணுகு கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். ஏ320 ஒன்று சுமார் 280 அடி தாழ்வாகவே வந்து, ஓடுபாதைக்கு முன்னாலேயே தரைக்கு 6 அடி உயரம் வரை போய்த் தப்பியது. அதனால் அழுத்தத்தை ஒருவர் வாயால் மட்டும் கேட்டு வைக்காதீர்கள், ஏடிஸோடும் (விமான நிலையம் தானாக ஒலிபரப்பும் வானிலைத் தகவல்) ஒத்துப் பாருங்கள். கடுங்குளிரிலும் இதே கதைதான், உயரமானி காட்டுவதைவிட விமானம் தாழ்வாக இருக்கும். சார்ட்டில் வெப்பநிலை வரம்பு போட்டிருப்பது அதற்காகத்தான்.

அப்புறம் சிறு விமானங்களில் வரும் எல்நாவ்+வி, அதாவது திசை மட்டும் தரும் எல்நாவோடு கருவி தானாகச் சேர்க்கும் சரிவுக்கோடு. அந்த ‘வி’ வெறும் ஆலோசனை. அதை எல்பிவி என்று நினைத்து எல்பிவியின் மினிமத்துக்கு (ஓடுபாதை தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரம்) இறங்கினால், வழியில் மரமோ கோபுரமோ இருக்காது என்று யாரும் உறுதி தரவில்லை. எல்பிவி என்று பேசி முடிவு செய்துவிட்டு வரும்போது, சிக்னல் தரம் குறைந்து கருவி தானாகவே எல்நாவுக்கு மாறிவிடுவதும் உண்டு, திரையில் சின்ன எழுத்தில். கடைசி சரிவு தொடங்கும் புள்ளிக்கு முன்னால் அந்த எழுத்தை வாய்விட்டுப் படித்துவிட்டு, அதற்குரிய மினிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எச்சரிக்கை வந்தால் யோசிக்க வேண்டாம், மேலே ஏறிவிடுங்கள்.

நேராகக் கடைசிப் பாதையைக் காட்டும் ‘வெக்டர்ஸ் டு ஃபைனல்’ பட்டனை அவசரமாக அழுத்துவது இன்னொரு பழக்கம். பல கருவிகளில் இடைப்புள்ளிகள் மறைந்துவிடும், பிறகு கட்டுப்பாட்டாளர் அதில் ஒன்றுக்கே நேராகப் போகச் சொன்னால் தேடித் திண்டாட வேண்டியதுதான். கருவியில் உள்ள வழித்தடத் தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறும், பழசை வைத்துக்கொண்டு போகாதீர்கள். ஜிபிஎஸ் சிக்னலைக் குலைப்பது இப்போது பல வான்பரப்புகளில் சகஜம் என்பதால், மாற்று நிலையமாக ஐஎல்எஸ்ஸோ விஓஆரோ (தரையிலிருந்து திசை காட்டும் ரேடியோ நிலையம்) உள்ள இடத்தை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே போகும் எரிபொருளோடு.